பிடித்த கையை எப்போது விட்டான்?

எடுத்துப்போன நாவலை மூன்றாம் நாளே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார் அக்கா. "இத உள்ள வச்சிரும்மா. வயசுப் பிள்ளைங்க கேட்டா குடுக்காத" என்றார்.

என்ன தப்பு என்று கேட்டேன். சிங்கப்பூரில் குண்டு விழும்போது கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அவ்வளவுதான்.

"குண்டு விழறப்ப கையப் பிடிக்காம எப்படிக்கா ஓடுவான்?"

"பிடிக்கட்டும், நான் வேணாங்கல. பிடிச்ச கைய எப்ப விட்டான்? அத எழுதவே இல்லியே இவரு. நாப்பது பக்கம் தள்ளித்தான் சோறு திங்க உக்கார்றான். அதுவரைக்கும் பிடிச்சிக்கிட்டேவா இருந்தான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, அடுத்த புத்தகம் தேட அலமாரிப் பக்கம் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் வைத்திருந்தேன். என் கணவருக்கு சிமெண்டு ஆலையில் ஷிப்ட் வேலை. தனியாகக் கிடந்த பகல்களைத் தள்ளுவதற்காக ஆரம்பித்தது. பொம்பளை நடத்தும் கடை என்பதால் பெண்கள் தயங்காமல் வந்தார்கள். அவர்களில் இந்த அக்காவும் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. திருமழபாடியில் அம்மாவோடு இருந்தார். தினமும் காலை பஸ்ஸில் அரியலூர் வந்து, சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதினார்.

அவர் கேட்பது ஒரே வகைக் கதைதான். யுத்தம் நடக்க வேண்டும். அதில் ஓர் ஆணும் பெண்ணும் பிரியம் கொள்ள வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் கை படக் கூடாது. அப்படி அமைந்த கதை கிடைத்தால் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவார். நாளடைவில் மற்றப் பெண்களும் அதைப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். "அக்கா டிக் போட்டதா இருந்தா குடுங்க, எங்க மாமியாரு பிரிச்சிப் பாக்கும்" என்று கேட்டு வாங்கிப்போன மருமகள்கள் உண்டு.

அவர் வேலையும் அவரை அப்படி ஆக்கியிருக்கலாம். மூலப் பத்திரத்தில் 'வடக்கே வேப்ப மரம்' என்று இருந்தால், அந்த மரம் விழுந்து இருபது வருஷம் ஆகியிருந்தாலும் நகலில் வேப்ப மரம் நிற்க வேண்டும். "எழுதறது ஒண்ணும் பெரிசில்லம்மா. மாத்தாம எழுதணும். அதான் வேல" என்பார். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதி முடிப்பார்.

ஒரு நாள் துணிப்பையிலிருந்து நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, "இதப் படிச்சிட்டு யாருக்கும் சொல்லாத" என்று கொடுத்தார். அவரே எழுதிய நாவல். அதிலும் பக்கத்துக்குப் பக்கம் அடியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று இருந்தது.

பர்மாக் கதை. ரங்கூன் துறைமுகத்தில் ஜப்பான்காரன் போட்ட குண்டில் கூலிக்காரன் ஒருவன் செத்துப்போகிறான். அவன் பெண்சாதி ஒரு வயதுக் குழந்தையோடு, இந்தியாவுக்கு நடக்கும் கூட்டத்தில் சேருகிறாள். வழியில் முகம் தெரியாத ஒருவன் குழந்தையை வாங்கி முதுகில் கட்டிக்கொள்கிறான். மணிப்பூர் மலை தாண்டும்வரை மூன்று மாதம் மூவரும் நடக்கிறார்கள். சரிவு வரும் இடங்களில் அவன் ஒரு மூங்கில் குச்சியை நீட்டுவான். ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். குச்சியைத் தவிர அவர்களுக்கு நடுவில் வேறு எதுவும் இல்லை. கிடைத்த தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு அவன் தள்ளிப் போய் உட்காருவான். ஊர் வந்ததும் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கதை முழுக்க அவன் வெறும் 'அவன்'தான். பெயர் இல்லை.

படித்து முடித்தபோது அடுப்பில் குழம்பு தீய்ந்திருந்தது. மறுநாள் வந்தவரிடம், "அவனுக்கு அவமேல ஆசை இருந்துச்சா, இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும்."

"அவளுக்கு?"

"அத ஏன் கேக்கற? அவ அந்தத் தண்ணிய எப்படிக் குடிச்சான்னு எழுதியிருக்கேன்ல" என்றார்.

அது யாருடைய கதை என்று அந்தப் பங்குனியில்தான் எனக்குத் தெரிந்தது. கோயிலில் நந்தி கல்யாணம் பார்க்க வாம்மா என்று அக்கா கூப்பிட்டதால் திருமழபாடிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, பூ விற்ற பெண்ணிடம் வீட்டுக்கு வழி கேட்டேன். அடையாளம் சொன்னதும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காட்டு வழியா வந்தவ வூடா? அந்தக் கடைசி சந்து" என்றாள். பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காட்டு வழியா வந்தவள். அக்காவின் அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. மூன்று மாதம் காட்டில் ஓர் ஆம்பளையோடு வந்தவளை யார் நம்புவார்கள்? புருஷனின் அண்ணன் வீட்டார் வாசலோடு நிறுத்தினார்கள். கைக்குழந்தை யாருடையது என்றுகூடக் கேட்டார்கள். அந்தக் குழந்தைதான் அக்கா. பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து வந்து, ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப்போனார்களாம்.

அம்மா அறுபதை ஒட்டிய, ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷி. எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கதவோரமாய் நின்றுகொண்டார். பஸ்ஸுக்கு வரும்போது அக்கா சொன்னார்:

"எங்கம்மா கத இதுன்னு சொன்னா, பொய்யிம்பாங்க. கதைன்னு போட்டா சண்டைக்கு வர மாட்டாங்க. படிச்சா மனசுல ஒரு மூலைல நிக்கும்ல? இந்த ஊரு படிக்கணும்மா. அது போதும் எனக்கு."

அச்சில் கொண்டுவந்துவிடலாம் என்று நான்தான் முனைந்தேன். நூலகத்துக்குப் புத்தகம் போடும் ஏஜெண்டு மூலமாக, சென்னையில் மாத நாவல் வெளியிடும் ஒரு பதிப்பகத்தின் முகவரி கிடைத்தது. அக்கா இரவல் கேட்டவர் போலக் கூச்சத்தோடு நோட்டை வாங்கி, பத்திரத்தாள் மாதிரி சுத்தமாக மறுபடி எழுதிக் கொடுத்தார். பழைய நோட்டு என்னிடமே இருந்தது. பதில் வர என் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தோம்.

நாலு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. 'நாவல் ஏற்கப்பட்டது. வாசகர் விருப்பத்தை முன்னிட்டுச் சிற்சில இடங்களை மெருகேற்ற அனுமதி தேவை' என்று இருந்தது. அக்காவிடம் காட்டினால் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்பார், வந்த வாய்ப்பு போய்விடும் என்று நினைத்தேன். எழுத்துப் பிழை, சந்திப் பிழை பார்ப்பார்கள், வேறென்ன செய்துவிடப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். 'தங்கள் விருப்பம் போல் செய்யலாம்' என்று அவர் பெயரில் நானே எழுதிப் போட்டுவிட்டேன். அக்காவிடம், "ஏத்துக்கிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

புத்தகம் வந்தது. அட்டையில் நனைந்த புடவையோடு ஒரு பெண், அவள் இடுப்பில் கை போட்ட ஒரு பட்டாளத்துக்காரன். அக்கா நின்றபடியே பிரித்தார். 'அவன்' என்று இருந்தவனுக்கு ஒரு பெயரும் துப்பாக்கியும் கொடுத்திருந்தார்கள். நடுவில், காட்டுக் குடிசையில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அவர் எழுதாத ஆறு பக்கங்கள் இருந்தன. அந்த ஆறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் அவர் படித்தார்.

படித்து முடித்துப் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். "எம் பேரு போட்டிருக்கு" என்றார்.

மறுநாள் இருவருமாக அரியலூர்க் கடைகளில் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கினோம். அப்புறம் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தமாகக் கேட்டதும் கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"இந்த மாசத்துல இதாங்க நல்லா ஓடுது. லைப்ரரிக்குங்களா? நாளைக்கு வாங்க, இன்னும் ரெண்டு கட்டு வருது. ஜெயங்கொண்டத்துலேருந்தும் கேட்டிருக்காங்க."

அக்கா கையில் பிடித்திருந்த கட்டைத் திரும்ப அவர் பலகைமேலேயே வைத்தார். "வாம்மா, போவோம்" என்றார். எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்?

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம், கார்டு வந்ததையும் நான் எழுதிய பதிலையும் சொல்லிவிட்டேன். அவர் துணிப்பையை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். அரியலூரில் இறங்கியதும், "எழுத்துப் பிழ பாப்பாங்கன்னுதானே நெனச்ச" என்றார். நான் ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திருமழபாடி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். அதற்கப்புறம் நூலகத்துக்கு வரவில்லை. பதிப்பகத்துக்கு அவர் பதிவுத் தபாலில் எழுதிய கடிதத்துக்கு என் முகவரிக்குத்தான் பதில் வந்தது. மறுபதிப்பு போடப் போகிறார்களாம். இதே போல் இன்னொரு நாவல் அனுப்பச் சொன்னார்கள். அதை நான் பத்திர எழுத்தர் கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை, வாசலில் அக்காவின் அம்மா நின்றார். தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தார்.

"பொஸ்தகக் கடைக்காரி நீதானே ஆயி? எம் பொண்ணு எழுதினதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு. அந்த மழ பேஞ்ச எடத்த."

உள்ளே போய், அச்சுப் புத்தகத்தை விட்டுவிட்டு, பழைய நோட்டை எடுத்து வந்தேன். அந்தக் குடிசை இடத்தை வாசித்தேன். அக்கா எழுதியதில் மழை ஒரு பத்திதான். அவள் குழந்தையோடு உள்ளே படுத்திருப்பாள். அவன் வெளியே மரத்தடியில், விடியும்வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

அம்மா கடைசிவரை கேட்டார். "இது அச்சுல இருக்கறது இல்லியே" என்றார். "எங்க மச்சாண்டாரு வூட்டு மருமவ வந்து ஒக்காந்து எல்லாத்தையும் வாசிச்சிட்டா. ஒம் பொண்ணே ஒத்துக்கிட்டாளேன்னு வேற கேட்டா. எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. இவ எழுதினாளா இல்லியான்னுதான் தெரியணும்."

"அவங்க எழுதலம்மா. இதோ பாருங்க, இதான் அவங்க கையெழுத்து. அது வேற எவனோ சேத்தது. அதுக்கு வழி விட்டது நாந்தான்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தார். "அவ எழுதல. அது போதும்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அது பொய்யி. இதுவும் பொய்யிதான் ஆயி."

நான் அவரைப் பார்த்தேன்.

"மலையில எல்லாருக்கும் பேதி கண்டுச்சு. எனக்கும் வந்துச்சு. எந்திரிக்க முடியாதவங்கள அங்கங்க வுட்டுட்டுத்தான் போனாங்க. அவரு வுடல. ஒம்போது நாளு, துணியெல்லாம் அவுத்துக் கழுவி, மறுபடி சுத்தி, முதுவுல தூக்கிக்கிட்டு நடந்தாரு. புள்ள முன்னால, நான் பின்னால. தொடாம எப்படித் தூக்கறது? பெத்தவ கூட அப்படிக் கழுவியிருக்க மாட்டா. எனக்கு அப்ப வயசு இருவது."

"அப்ப அந்தக் குச்சி?"

"குச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவளப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணி, அழுதுக்கிட்டு வந்து கேட்டா. அவரு ஒன்னத் தொட்டாராம்மான்னு. ஏழு வயசுப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? குச்சி நீட்டுனாரு, பிடிச்சிக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதத்தான் பிடிச்சிக்கிட்டு நடக்கறா."

எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "நீ சொல்லிடாத ஆயி. அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

பஸ் வரைக்கும் கூடப் போனேன். வழியில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னார். அப்புறம் அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் படுத்தார், எழவில்லை. கருமாதிக்கு நான் போனேன். கொள்ளிடக் கரையில், அக்காவின் பெரியப்பா மகன்தான் காரியம் செய்தான். வாழ்நாள் முழுக்க வாசலோடு நிறுத்தியவர்கள் அன்றைக்கு வரிசையாக வந்து நின்றார்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்ததும், சடங்கு செய்த பெரியவர், "வேற யாருக்காச்சும் விடணுமா? பேரச் சொல்லுங்க" என்று கேட்டார். பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா ஓரடி முன்னால் வந்தார். பெரியப்பா மகன் திரும்பி, "யாருக்கு?" என்றான். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்காவின் தலையில் பாதி நரைத்திருந்தது. நாவல் எழுதுவதையும் படிப்பதையும் அவர் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரே பேச்சை எடுத்தார்.

"கடைசி பத்து நாளு அம்மாவுக்கு நெனவு இல்ல. எல்லாம் படுக்கையிலதான். நான்தான் கழுவி வுட்டேன். ஒரு நாளு கழுவிக்கிட்டு இருக்கறப்ப, எங் கையப் பிடிச்சிக்கிச்சு. 'போதுங்க, நீங்க போயிப் படுங்க, காலையில நடக்கணும்'னு சொல்லிச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட அது 'ங்க' போட்டுப் பேசுமாம்மா?"

சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இவர் முகம் ஒரு பக்கம். வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேணாம். ஒன் வூட்டுக்கு அம்மா வந்துட்டுப் போச்சுன்னு தெரியும். என்ன பேசிச்சுன்னு நான் கேக்கல. அவரு பேரு மட்டும் சொல்லிச்சா? இன்னிக்கு ஆத்தங்கரையில ஒரு கை தண்ணி விடலாம்னு பாத்தேன். பேரு இல்லாம யாருக்குன்னு விடறது?"

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அன்று அந்த அம்மாவிடம் நான் கேட்டதும் இதைத்தான்.

"அவங்களுக்கே தெரியாதுக்கா" என்றேன். "கேக்கவே இல்லியாம். அரியலூரு டேசன்ல எறக்கிவிட்டுட்டு அவரு திரும்ப ரயிலு ஏறினப்பக்கூட கேக்கலியாம். தெரிஞ்சிக்கிட்டா தூக்கத்துல, காய்ச்சல்ல, எப்பவாச்சும் வாயில வந்துடும்னு பயமாம்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். கடைசி பஸ் போய்விடுமே என்று நான் எழுந்தபோதுதான், யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு தடவ கேட்டிருக்கலாம்."